யார் பெயரில் யார் அனுப்பினார்? போஸ்ட்ஃபிக்ஸ் சர்வரில் கண்காணிப்பும் எச்சரிக்கையும் அமைக்க முழு வழிகாட்டி

எம்டியின் மெயிலை எம்டியே உட்கார்ந்து அடிக்கும் அலுவலகங்கள் குறைவு. பிஏதான் அடித்து அனுப்புவார். ‘அக்கவுண்ட்ஸ்’ முகவரியிலிருந்து மூன்று பேர் அனுப்புவார்கள். மேனேஜர் லீவில் போனால் அவர் பெயரில் உதவியாளர் பதில் போடுவார். இதில் தப்பு ஒன்றும் இல்லை, மெயிலின் விதிகளே இதற்கு இடம் வைத்திருக்கின்றன. மெயில் வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5322 ஆவணம், செயலாளர் ஒருவர் இன்னொருவருக்காக அனுப்புவதைத்தான் உதாரணமாகக் காட்டுகிறது: எழுதியவர் ‘ஃப்ரம்’ வரியில், அனுப்பிய செயலாளர் ‘செண்டர்’ வரியில்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பிஏவின் பாஸ்வேர்ட் யார் கையிலாவது சிக்கினால் எம்டியின் பெயரும் அதோடு சேர்ந்து போகிறது. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் அனுப்பவும்” என்று எம்டி முகவரியிலிருந்து ஒரு மெயில் போனால் எதிர்முனையில் யார் சந்தேகப்படுவார்கள்? இந்த வகை மோசடியில் 2023-ல் மட்டும் தங்களிடம் பதிவான இழப்பு 290 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்க எஃப்பிஐயின் இணையக் குற்றப் பிரிவு சொன்னது. மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் ஒழுங்காகப் போட்டு வைத்திருந்தாலும் இங்கே பயனில்லை. மெயில் உங்கள் சர்வரிலிருந்தே, உங்கள் கையொப்பத்தோடு போகிறது. மூன்றிலும் பாஸ் ஆகிவிடும்.

ஒரு நல்ல செய்தி: யார் லாகின் செய்தார், யார் பெயரில் அனுப்பினார் என்ற இரண்டு விஷயமும் சர்வரின் லாகில் (நடந்ததை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவில்) ஏற்கெனவே விழுகின்றன. வெவ்வேறு வரிகளில் விழுவதால் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அந்த வரிகளைச் சேர்ப்பது முதல் வேலை. சேர்த்ததை, யார் பெயரில் மெயில் போனதோ அவர் கண்ணில் காட்டுவது அடுத்த வேலை. இரண்டாவதைப் பெரும்பாலான அட்மின்கள் விட்டுவிடுகிறார்கள். அசல் பலன் அதில்தான் இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்வது டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ் மேல் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர், லாகினுக்கு டவ்காட், வெப்மெயிலுக்கு ரவுண்ட்க்யூப். அமைப்புகளின் பெயர்களை ஒலிப்பெயர்த்தே எழுதியிருக்கிறேன். ஃபைலில் அவற்றை ஆங்கில எழுத்தில், அடிக்கோடு உட்பட, போஸ்ட்ஃபிக்ஸ் கையேட்டில் உள்ளபடி அடியுங்கள்.

முதலில் ஒரு தெளிவு: உறையும் உள்ளே இருக்கும் தாளும்

தபாலில் உறைமேல் ஒரு அனுப்புநர் பெயரும், உள்ளே இருக்கும் தாளில் வேறொரு பெயரும் எழுதலாம், இல்லையா? மெயிலும் அப்படித்தான். சர்வர்கள் தங்களுக்குள் பேசும்போது ‘மெயில் ஃப்ரம்’ என்று சொல்வது உறை முகவரி. படிப்பவர் திரையில் பார்ப்பது ‘ஃப்ரம்’ ஹெட்டர். போஸ்ட்ஃபிக்ஸ் தானாகச் சோதிப்பது உறையை மட்டுமே. உறையில் பிஏ முகவரியை வைத்து, ஹெட்டரில் எம்டி முகவரியைப் போட்டால் அது தடுக்காது. வழக்கமான சோதனையை மட்டும் நம்பி “எங்கள் சர்வர் பூட்டியாச்சு” என்று இருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆகவே நாம் பார்க்க வேண்டியவை மூன்று: லாகின் பெயர், உறை முகவரி, ஹெட்டர் முகவரி. மூன்றும் ஒன்றாக இருந்தால் சாதாரண மெயில். ஒன்று மாறினாலும் அது ‘இன்னொருவர் பெயரில்’ போன மெயில்.

படி 1: யாருக்கு யார் பெயரில் அனுமதி என்று எழுதி வையுங்கள்

அனுமதி எது என்று தெரியாமல் மீறல் எது என்று சொல்ல முடியாது. போஸ்ட்ஃபிக்ஸில் இதற்கு ‘எஸ்எம்டிபிடி_செண்டர்_லாகின்_மேப்ஸ்’ என்ற அட்டவணை இருக்கிறது. இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் அந்த முகவரியில் அனுப்பலாம் என்று அனுமதி பெற்ற லாகின்கள், காற்புள்ளி போட்டு:

எம்டி@நிறுவனம்.இன் → எம்டி@நிறுவனம்.இன், பிஏ@நிறுவனம்.இன்
அக்கவுண்ட்ஸ்@நிறுவனம்.இன் → கணக்கர்1@நிறுவனம்.இன், கணக்கர்2@நிறுவனம்.இன்
பிஏ@நிறுவனம்.இன் → பிஏ@நிறுவனம்.இன்

(அம்புக்குறி படிப்பதற்காகப் போட்டது. ஃபைலில் வெறும் இடைவெளி போதும்.)

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். பிஏவுக்குத் தன் முகவரியில் அனுப்பவும் ஒரு வரி வேண்டும். ‘ரிஜெக்ட்_செண்டர்_லாகின்_மிஸ்மேட்ச்’ என்ற விதியைப் போட்டதும், அட்டவணையில் இல்லாத முகவரியில் லாகின் செய்தவர் யாரும் அனுப்ப முடியாது. எம்டிக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் மட்டும் வரி எழுதிவிட்டு ரீலோட் செய்தால், மறுநாள் காலை மொத்த அலுவலகமும் “சார், மெயில் போகமாட்டேங்குது” என்று வரிசையில் நிற்கும்.

ஹேஷ் வகை ஃபைலாக இருந்தால் திருத்தியதும் ‘போஸ்ட்மேப்’ ஓட்ட வேண்டும். மைஎஸ்க்யூஎல் அட்டவணையிலிருந்து எடுப்பவர்களுக்கு அந்த வேலை இல்லை. எப்படி வைத்தாலும் ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் (இன்னொருவர் பெயரில் அனுப்பத் தந்த அனுமதிக்கும்) யார் சொல்லி, எந்தத் தேதியில், எதுவரை என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். ‘எட்சிகீப்பர்’ போட்டு வைத்தால் ஃபைலின் பழைய வடிவங்களும் கையில் இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம்: டவ்காட் கொடுக்கும் லாகின் பெயர் ‘பிஏ’ என்று வருகிறதா, ‘பிஏ@நிறுவனம்.இன்’ என்று முழுதாக வருகிறதா என்று லாகில் பார்த்துவிட்டு, அதே வடிவத்தை அட்டவணையில் எழுதுங்கள். அமைப்பு எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

படி 2: தடுக்கும் முன் ஒரு வாரம் வேடிக்கை பாருங்கள்

விதியை மாஸ்டர் ஃபைலில் (போஸ்ட்ஃபிக்ஸின் சேவைகளைப் பட்டியலிடும் ஃபைல்), பயனர்கள் லாகின் செய்து அனுப்பும் ‘சப்மிஷன்’ சேவைக்குக் கீழே, ‘எஸ்எம்டிபிடி_செண்டர்_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்பதற்கு மதிப்பாகப் போடுங்கள். 587 போர்ட்டுக்குப் போட்டுவிட்டு 465-ஐ மறப்பது வழக்கம். இரண்டுக்கும் தேவை. வெளியுலகிலிருந்து மெயில் வாங்கும் 25-க்கு இதை அப்படியே நீட்டாதீர்கள். உங்கள் ஆள் வெளியே ஒருவருக்கு அனுப்பி, அவருடைய சர்வர் ஃபார்வர்ட் செய்து உங்களிடமே திரும்பி வரும் நியாயமான மெயில்களும் அடிபடும்.

வரிசையும் முக்கியம். ‘பெர்மிட்_சாஸ்ல்_ஆதண்டிகேட்டட்’ இந்த விதிக்கு முன்னால் நின்றால், லாகின் செய்தவரை அது உள்ளே விட்டுவிடும். நம் விதி வரை வேலையே வராது. மாஸ்டர் ஃபைலில் எழுதும்போது மதிப்புக்குள் இடைவெளி விடாமல் காற்புள்ளியால் பிரியுங்கள்.

முதல் வாரம் விதிக்கு முன்னால் ‘வார்ன்_இஃப்_ரிஜெக்ட்’ சேர்த்து ஓட விடுங்கள். அது யாரையும் தடுக்காது. தடுத்திருப்பேன் என்று லாகில் ‘ரிஜெக்ட்_வார்னிங்’ வரி மட்டும் எழுதும். அலுவலகத்தின் உண்மையான வழக்கங்கள் அந்த ஒரு வாரத்தில்தான் வெளிவரும். ஸ்கேனர் ஒன்று மேனேஜர் பெயரில் அனுப்பிக்கொண்டிருக்கும். பில்லிங் மென்பொருளில் எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் முகவரி இருக்கும். ஒவ்வொன்றையும் பார்த்து, நியாயமானதை அட்டவணையில் ஏற்றி, மற்றதைத் திருத்துங்கள். அப்புறம் ‘வார்ன்_இஃப்_ரிஜெக்ட்’டை எடுத்துவிடுங்கள்.

படி 3: ஹெட்டரையும் லாகில் விழ வையுங்கள்

உறைக்கு வழி செய்தாயிற்று. உள்ளே இருக்கும் தாளுக்கு ‘ஹெட்டர்_செக்ஸ்’ என்ற வசதி. வரி ‘ஃப்ரம்’, ‘செண்டர்’, ‘ரிப்ளை-டு’ என்று தொடங்கினால் ‘வார்ன்’ செய் என்று ஒரு ஃபைலில் எழுதினால் போதும். மெயில் தடையில்லாமல் போகும், அந்த ஹெட்டர் வரி லாகில் பதிவாகும்.

இதை எல்லா மெயிலுக்கும் போட்டால் உள்ளே வரும் குப்பையின் ஹெட்டர்கள் எல்லாம் லாகை நிரப்பிவிடும். வெளியே அனுப்புவதற்கு மட்டும் போட ஒரு வழி இருக்கிறது. மாஸ்டர் ஃபைலில், மெயிலை வரிசையில் ஏற்றும் முன் ஒழுங்குபடுத்தும் ‘கிளீனப்’ சேவையின் வரியை நகலெடுத்து ‘சப்கிளீனப்’ என்று பெயரிடுங்கள். அதன்கீழ் நம் ஹெட்டர் ஃபைலைக் கொடுங்கள். பிறகு 587, 465 சேவைகளில் ‘கிளீனப்_சர்வீஸ்_நேம்’ என்பதற்கு ‘சப்கிளீனப்’ என்று காட்டுங்கள்.

அதே இடத்தில் ‘நெஸ்டட்_ஹெட்டர்_செக்ஸ்’, ‘மைம்_ஹெட்டர்_செக்ஸ்’ இரண்டுக்கும் வெற்று மதிப்பை எழுதி வையுங்கள். எழுதினால்தான் இணைப்பாக வைக்கப்பட்ட பழைய மெயிலின் ‘ஃப்ரம்’ வரி லாகில் ஏறாது. இயல்புநிலையில் அவை இரண்டும் ‘ஹெட்டர்_செக்ஸ்’ ஃபைலையே பின்பற்றும். அப்படியே விட்டால், யாராவது ஒரு மெயிலை இணைப்பாக ஃபார்வர்ட் செய்யும்போது பொய் அலெர்ட் அடிக்கும்.

‘சப்ஜெக்ட்’ வரியையும் சேர்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். சம்பளம், நோய், வழக்கு எல்லாம் அந்த வரியில் இருக்கும். யார் யார் பெயரில் அனுப்பினார் என்று அறிய அது தேவையே இல்லை.

படி 4: மூன்று வரிகளை ஒன்றாக்குதல்

இப்போது பிஏ, எம்டி பெயரில் ஒரு மெயில் அனுப்பினால் லாகில் இப்படி விழும் (தேதியையும் புராசஸ் எண்ணையும் விட்டிருக்கிறேன்):

சப்மிஷன்/எஸ்எம்டிபிடி: 7391804526: கிளையண்ட்=அன்நோன்[203.0.113.45], சாஸ்ல்_மெத்தட்=ப்ளெய்ன், சாஸ்ல்_யூசர்நேம்=பிஏ@நிறுவனம்.இன்
கிளீனப்: 7391804526: வார்னிங்: ஹெட்டர் ஃப்ரம்: எம்டி <எம்டி@நிறுவனம்.இன்> …
க்யூஎம்ஜிஆர்: 7391804526: ஃப்ரம்=<எம்டி@நிறுவனம்.இன்>, சைஸ்=1834, என்ஆர்சிபிடி=1 (க்யூ ஆக்டிவ்)

முதல் வரியில் லாகினும் ஐபியும் இருக்கின்றன, பெயர் இல்லை. மூன்றாவதில் உறை முகவரியும் பெறுநர் எண்ணிக்கையும் இருக்கின்றன, லாகின் இல்லை. மூன்றிலும் பொதுவாக இருப்பது அந்த வரிசை எண் மட்டும். அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இயல்புநிலையில் இந்த எண்கள் குட்டையானவை, கொஞ்ச நேரத்திலேயே வேறு மெயிலுக்கு மறுபடி பயன்படலாம். நேற்றைய பிஏ வரியும் இன்றைய வேறொருவரின் வரியும் ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டால் விசாரணையே திசைமாறும். ‘எனேபிள்_லாங்_க்யூ_ஐடிஸ்’ என்பதை ‘எஸ்’ என்று வைத்தால் எண்கள் நீளமாகி, இந்தக் குழப்பம் தீரும். போஸ்ட்ஃபிக்ஸ் 2.9 முதல் இது இருக்கிறது.

இந்த வரிகளைச் சேர்க்கும் ஸ்கிரிப்டை எந்த மொழியிலும் எழுதலாம், பைத்தான் வசதி. லாகை வரிவரியாகப் படிக்க வேண்டும். லாகின் வரி வந்ததும் அந்த எண்ணின் கீழ் லாகின், ஐபி, நேரம் மூன்றையும் போட்டு வைக்கவும். ஹெட்டர் வரி வந்தால் அதே எண்ணின் கீழ் சேர்க்கவும். ‘க்யூ ஆக்டிவ்’ வரி முதல்முறை வந்ததும் கணக்கை முடித்து ஒப்பிடவும்.

முதல்முறை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எதிர்முனை சர்வர் “பிறகு வா” என்றால் அதே மெயிலுக்கு மறுமுயற்சியின்போதெல்லாம் அந்த வரி திரும்ப விழும். சிலர் ‘ரிமூவ்டு’ வரி வரை காத்திருப்பார்கள். தேங்கிய மெயில் வரிசையில் ஐந்து நாள் வரை இருக்கலாம். ஐந்து நாள் கழித்து வரும் அலெர்ட்டை வைத்து என்ன செய்வது?

ஒப்பிடும் முன் எல்லா முகவரிகளையும் சிறிய எழுத்தாக்கி, கூட்டல் குறிக்குப் பின் வரும் பகுதியை வெட்டுங்கள். ஹெட்டரில் கோணக் குறிக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள். தமிழ்ப் பெயர்கள் குறியீடாக மாறி நீளமாக வரும்போது லாக் வரி வெட்டுப்பட்டு முகவரியே கிடைக்காமல் போகலாம். அப்படிப்பட்டதைச் ‘சரி’ என்று தள்ளாமல் ‘தெரியவில்லை’ என்று தனியே குறியுங்கள். வாசித்தேன் என்று சொல்லும் ரசீதுகளில் உறை முகவரி காலியாக இருக்கும். அதைப் பார்த்து ஸ்கிரிப்ட் பதறக்கூடாது.

அமாவிஸ் போன்ற வடிகட்டி நடுவில் இருந்தால் மெயில் உள்ளே போய் வேறு எண்ணோடு திரும்பி வரும். அந்த இரண்டாம் எண்ணில் லாகின் வரி இருக்காது, அதை விட்டுவிடுங்கள். ஆர்ஸ்பேம்டி வடிகட்டியை மில்டராக (போஸ்ட்ஃபிக்ஸோடு நேரடியாகப் பேசும் இணைப்பாக) வைத்திருப்பவர்களுக்கு எண் மாறாது.

ரவுண்ட்க்யூப் வழியாகப் போகும் மெயில்களில் ஐபி பெரும்பாலும் சர்வரின் சொந்த ஐபியாகவே இருக்கும். உண்மையான ஐபி வேண்டுமென்றால் ரவுண்ட்க்யூபில் ‘எஸ்எம்டிபி_லாக்’ ஓடுகிறதா என்று பாருங்கள். சர்வர் கொடுத்த பதில், அதாவது வரிசை எண்ணோடு கூடிய வரி, பயனர் ஐபியுடன் அதில் பதிவாகும். இணைக்கச் சௌகரியம். கையோடு ‘ஐடென்டிட்டீஸ்_லெவல்’ மதிப்பை 1 ஆக்கிவிடுங்கள். பயனர் தன் அடையாளத்தில் மெயில் முகவரியைத் தானே மாற்ற முடியாது.

டெபியன் 12-இலிருந்து, லாகை ஃபைலில் எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை, மெயில் லாக் ஃபைலே இருக்காது. சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலிலிருந்து படிக்கலாம். ஆனால் ஜர்னல் இயல்புநிலையில் ஒரு சேவைக்கு 30 விநாடியில் 10,000 வரி என்ற அளவைத் தாண்டினால் மீதியைத் தூக்கிப் போட்டுவிடும். ஸ்பேம் கொட்டும் நேரத்தில்தான் அந்த அளவு தாண்டும். வரம்பைக் கூட்டி வையுங்கள்.

படி 5: எதற்கு அலெர்ட், எதற்கு வேண்டாம்

பிஏ ஒரு நாளைக்கு அறுபது மெயில் எம்டி பெயரில் அனுப்புவார். அறுபதுக்கும் அலெர்ட் அடித்தால் மூன்றாம் நாள் யாராவது அந்தக் குரூப்பை மியூட் செய்துவிடுவார்கள். ஆகவே மூன்று அடுக்கு.

பச்சை: அட்டவணையில் அனுமதி இருக்கிறது, வழக்கமான நேரம், வழக்கமான பெறுநர். சத்தமில்லாமல் எழுதி வைத்தால் போதும். படி 6-ல் பயன்படும்.

மஞ்சள்: அனுமதி இருக்கிறது, ஆனால் ஏதோ புதுசு. இரவு பதினொரு மணி. இதுவரை வராத ஐபி. எம்டி பெயரில் முதல்முறையாக மெயில் போகும் டொமைன். வழக்கத்துக்கு மீறிய பெறுநர் எண்ணிக்கை. முகவரி கிடைக்காமல் ‘தெரியவில்லை’ என்று நின்ற ஹெட்டர். இவற்றை ஒவ்வொன்றாக அனுப்பாமல் மணிக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்புங்கள்.

சிவப்பு: உடனே. என் கணக்கில் நான்கு விஷயம் இதில் வரும்.

ஒன்று, ஹெட்டரில் இருக்கும் முகவரிக்கு அந்த லாகினுக்கு அனுமதியே இல்லை. உறைச் சோதனையை ஏமாற்றப் பார்க்கிறார் என்று பொருள், அல்லது ஏதோ மென்பொருள் தாறுமாறாக அமைந்திருக்கிறது. எதுவாக இருந்தாலும் உடனே தெரிய வேண்டும்.

இரண்டு, ‘நாட் ஓன்டு பை யூசர்’ என்ற மறுப்பு. உறையிலேயே முயன்று போஸ்ட்ஃபிக்ஸிடம் அடிவாங்கினால் இந்தச் சொற்கள் லாகில் விழும். ஒரே முகவரிக்கு ஒருமுறை என்றால் கைபேசியில் அமைப்பு தப்பாக இருக்கலாம், மஞ்சள் போதும். ஒரே லாகின் அடுத்தடுத்து பல முகவரிகளை முயன்றால் அது சிவப்புதான்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது: இன்னொருவர் பெயரில் போகும் மெயிலில் ‘ரிப்ளை-டு’ வெளி டொமைனைக் காட்டுவது. வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லும் மோசடியில் திருடனுக்குப் பதில் தன் கைக்கு வர வேண்டும், எம்டியின் இன்பாக்ஸுக்குப் போகக்கூடாது. அதனால் அந்த வரியை மாற்றத்தான் பார்ப்பான். அதுவும் உங்கள் டொமைனைப் போலவே தோன்றி, ஓரெழுத்து மட்டும் மாறிய டொமைனாக இருக்கும். இரண்டு டொமைன்களுக்கு இடையே எத்தனை எழுத்து வித்தியாசம் என்று எண்ணும் சின்ன ஃபங்ஷனைச் சேர்த்து, ஒன்றோ இரண்டோ என்று வந்தால் அலெர்ட்டின் முதல் வரியிலேயே அதைச் சொல்ல வையுங்கள்.

நான்கு, அனுமதி அட்டவணையே மாறுவது. பூட்டை உடைப்பதைவிடத் தன் பெயரைச் சாவிக்காரர் பட்டியலில் சேர்ப்பது சுலபம். ஃபைல்களை யார் தொடுகிறார் என்று பதியும் ‘ஆடிட்டிடி’யில் அந்த ஃபைலுக்கு எழுதுதல் கண்காணிப்புப் போடுங்கள். தரவுத்தளம் என்றால் அட்டவணையின் உள்ளடக்கத்துக்குச் செக்சம் எடுத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டாலே போதும்.

மெயில் எண்ணிக்கைக்கு வரம்பு போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: போஸ்ட்ஃபிக்ஸின் ‘அன்வில்’ எண்ணுவது ஐபி கணக்கில், லாகின் கணக்கில் அல்ல. அலுவலகமே ஒரே ஐபியில் இருந்தால் அது உதவாது. லாகின்வாரியாக எண்ண ‘போஸ்ட்எஃப்டபிள்யூடி’ போன்ற பாலிசி சேவை வேண்டும்.

அலெர்ட்டை எதில் அனுப்புவது? அதே மெயில் சர்வரில் கண்டிப்பாக வேண்டாம். உள்ளே புகுந்தவன் முதலில் செய்வது அலெர்ட் மெயிலை அழிக்க ஒரு ரூல் எழுதுவதுதான். டெலிகிராம் பாட் வசதியானது: பாட் உருவாக்கித் தரும் பாட்ஃபாதரிடம் டோக்கன் வாங்கி, குரூப்பின் சாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, ‘கர்ல்’ வழியாக அனுப்பினால் முடிந்தது. டோக்கன் இருக்கும் ஃபைலுக்கு 600 அனுமதி. செய்தி சுருக்கமாக, பார்த்தவுடன் முடிவெடுக்கும்படி இருக்கட்டும்:

சிவப்பு | பிஏ → எம்டி பெயரில் | 23:14 | ஐபி 203.0.113.45 (புதிது) | பெறுநர் 1 | ரிப்ளை-டு வெளி டொமைன் | எண் 7391804526

கடைசியில் இருக்கும் எண்ணை விட்டுவிடாதீர்கள். மெயிலை நிறுத்த அதுதான் வேண்டும்.

படி 6: பெயருக்குச் சொந்தக்காரருக்குக் காட்டுங்கள்

அட்மினுக்கு எம்டி பெயரில் போன எந்த மெயில் நிஜம் என்று தெரியாது. பிஏவுக்கும் எம்டிக்கும்தான் தெரியும். பிஏவின் கணக்கே போயிருந்தால் மிஞ்சுவது எம்டி. தினமும் மாலை அவருக்கு ஒரு சுருக்கம் போகட்டும்: இன்று உங்கள் பெயரில் பிஏ இத்தனை மெயில் அனுப்பினார், இன்னின்ன முகவரிகளுக்கு, இன்னின்ன நேரத்தில். பத்து வரிக்கு மேல் போனால் டொமைன்வாரியாகச் சுருக்குங்கள். படிக்காமல் தள்ளிவிடுவார் என்று நினைக்க வேண்டாம். தன் பெயர் போன இடத்தைத் தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆர்வம் உண்டு. “மத்தியானம் மூணு மணிக்கு நான் ஃப்ளைட்டில் இருந்தேனே, இது என்ன?” என்று அவர் கேட்பதை எந்த ஸ்கிரிப்டும் கேட்காது.

மெயிலின் நகலே வேண்டும் என்பவர்களுக்கு ‘செண்டர்_பிசிசி_மேப்ஸ்’ இருக்கிறது. பிஏ அனுப்பியது வழக்கமாகப் பிஏவின் ‘சென்ட்’ ஃபோல்டரில் போய் உட்காரும், எம்டி கண்ணிலேயே படாது. எம்டி முகவரியை உறையில் கொண்ட ஒவ்வொரு மெயிலின் நகலும் எம்டிக்குப் போகும்படி இதில் அமைத்து, ஒரு சீவ் விதியால் (வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதி) தனி ஃபோல்டரில் ஒதுக்கிவிடலாம். இதுவும் உறையைப் பார்ப்பதுதான். ஹெட்டரில் மட்டும் போலிசெய்தது இதில் சிக்காது, அதற்குப் படி 3 வேண்டும்.

கண்காணிப்பு இருக்கிறது என்று பிஏவுக்கும் மற்றவர்களுக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துப் பிறகு தெரியவந்தால் நல்ல ஊழியர்தான் மனம் நொந்துபோவார். “உங்கள் பாஸ்வேர்ட் திருடுபோனால் பழி உங்கள்மேல் விழாமல் இருக்கத்தான் இது” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். உண்மையும் அதுதான்.

படி 7: லாகைக் காப்பாற்றுங்கள்

சர்வரிலேயே இருக்கும் லாகை, சர்வரைப் பிடித்தவன் அழிக்கலாம். ஆர்சிஸ்லாக் வழியாக வேறொரு இயந்திரத்துக்கும் ஒரு நகல் போகட்டும், டிஎல்எஸ் போட்டு. டெபியனின் இயல்புநிலை சுழற்சியில் மெயில் லாக் சுமார் ஒரு மாதம்தான் தங்கும். இந்தியாவில் இயங்குபவர்களுக்கு இது போதாது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது.

ஸ்கிரிப்ட் செத்துப்போனாலும் டெலிகிராம் அமைதியாகத்தான் இருக்கும், எல்லாம் நலம் என்பது போல. தினமும் காலை ஒன்பது மணிக்கு ‘உயிரோடிருக்கிறேன், நேற்று இத்தனை மெயில் பார்த்தேன்’ என்று ஒரு வரி வரட்டும். வேலை நாளில் எண்ணிக்கை பூஜ்யம் என்றால் எங்கோ குழாய் அறுந்திருக்கிறது.

படி 8: நீங்களே திருடனாகிப் பாருங்கள்

‘ஸ்வாக்ஸ்’ என்ற கருவி இதற்கென்றே பிறந்தது போல இருக்கும். லாகின், உறை முகவரி, ஹெட்டர் மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்து மெயில் அனுப்பலாம். பிஏ லாகினில், எம்டி உறை, எம்டி ஹெட்டர்: போக வேண்டும், பச்சை. பிஏ லாகினில் மேனேஜர் உறை: போகக்கூடாது, மறுப்பு வர வேண்டும். பிஏ லாகினில் பிஏ உறை, மேனேஜர் ஹெட்டர்: போகும், ஆனால் சிவப்பு அடிக்க வேண்டும். எம்டி பெயரில் வெளி ‘ரிப்ளை-டு’: சிவப்பு. இதே நான்கையும் 465-லும் ஓட்டுங்கள். சர்வர் அப்கிரேட் ஆனபின் மறுபடி ஓட்டுங்கள். மாஸ்டர் ஃபைலைப் புதிய பதிப்பால் மாற்றட்டுமா என்று நிறுவி கேட்கும்போது யோசிக்காமல் ‘எஸ்’ அடித்திருந்தால், நாம் போட்ட அத்தனையும் போயிருக்கும்.

சர்வருக்குள்ளிருந்தே ஸ்கிரிப்டுகள் அனுப்பும் மெயிலுக்கு லாகின் கிடையாது. லாகில் ‘பிக்கப்’ வரியில் யூஐடி (சர்வருக்குள் பயனரைக் குறிக்கும் எண்) மட்டும் விழும். 33 என்றால் டெபியனில் அது வெப்சர்வர். இணையதளப் படிவம் எதுவும் அங்கே இல்லையென்றால் ‘ஆத்தரைஸ்டு_சப்மிட்_யூசர்ஸ்’ வழியாக அந்தப் பின்வாசலை மூடுங்கள்.

சிவப்பு அடித்தால் என்ன செய்வது

வரிசை முக்கியம். முதலில் அலெர்ட்டில் உள்ள எண்ணை எடுத்து ‘போஸ்ட்சூப்பர்’ கட்டளையில் சிறிய ‘எச்’ தேர்வோடு கொடுங்கள். மெயில் இன்னும் வரிசையில் இருந்தால் அங்கேயே நிற்கும். அழிக்காதீர்கள், அது ஆதாரம். அடுத்து அந்த லாகினின் பாஸ்வேர்டை மாற்றி, ‘டவ்அட்ம் கிக்’ ஓட்டித் திறந்திருக்கும் இணைப்புகளைத் துண்டியுங்கள். பாஸ்வேர்ட் மாறியதால் மட்டும் ஏற்கெனவே உள்ளே இருப்பவன் வெளியே போய்விட மாட்டான். பிறகு அந்தக் கணக்கின் சீவ் விதிகளைத் திறந்து பாருங்கள். பதில் மெயில்களை ஒளித்துவைக்கும் ஒரு விதி அங்கே பெரும்பாலும் இருக்கும். அட்டவணையில் அந்த லாகினுக்கு இருக்கும் மற்ற ஒப்படைப்புகளையும் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள்.

அதன்பின் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கும் பச்சை வரிகளுக்குப் போய், அந்த ஐபியிலிருந்து முந்தைய நாட்களில் எதுவும் போயிருக்கிறதா என்று தேடுங்கள். சம்பவம் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டிய வகை என்றால், அதே 2022 உத்தரவின்படி தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். அதனால் நேரத்தைக் குறித்துக்கொண்டே வேலை பாருங்கள்.

மெயில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தால் பெறுநருக்குப் போன் செய்யுங்கள். அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, அக்கவுண்ட்ஸ் ஃபைலில் பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்கு. பணம் கிளம்பிவிட்டது என்று அவர் சொன்னால், அடுத்த அழைப்பு இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு.